சார்ஜண்ட் கவ்வும் முதற் கள்வனும்

துப்பறியும் கதைகள் மாணாக்கர் கையிற் காணத்தகாதவை என்பாருளர். அவர்கள் வில்க்கி கொலின்ஸ் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூன்ஸ்டோன்' என்னும் நவீனத்தை ஒருமுறை படித்தல் நன்று.

அதில் வரும் சார்ஜண்ட் கவ் மெலிந்து முதிர்ந்தவர். வந்த கருமத்தினிடையே றோசாச் செடிகளைப்பற்றித் தோட்டக்காரனோடு வாதிட நின்றுவிடுவார்! ஆயினும், அறைக்கதவின் ஈரவர்ணத்திற் கண்ட சிறு கலைவை உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி அற்பமெனத் தள்ள, இவர் அதனையே வழக்கின் திறவுகோலாகக் கொள்கிறார். தடயம் மெய், அதிலிருந்து அவர் கொண்ட முடிபோ பிழை. வைரத்துக்குரிய பெண்ணே அதனை மறைத்தாள் என எண்ணிவிடுகிறார். பின்னர் அப்பிழையை ஒப்புக்கொள்ள அவர் கூசவில்லை. ஹோம்ஸைக் காட்டிலும் இவரே எமக்கு உவப்பானவர்.

எனினும், எம்மை வியப்பிலாழ்த்துவது வேறொன்று. 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்த நாளிற் காவலரைக் கொன்று அவ்வைரத்தைக் கவர்ந்தவன் ஓர் ஆங்கிலப் படையதிகாரி. அத்திருட்டைத் துப்பறிய எவரும் அழைக்கப்படவில்லை. அவனுடைய மருமகளின் பேழையிலிருந்து அது மறைந்தபோதே இலண்டனிலிருந்து கவ் வரவழைக்கப்படுகிறார். பேரரசு ஓங்கிநின்ற காலத்தில், முதற் கள்வன் தம்மவனே என்பதை ஓர் ஆங்கிலேயர் கதையின் வாயிலிலேயே எழுதிவைத்தார். கல்லை மீட்கக் குலத்தையுந் துறந்து கடல்கடந்த அந்தணர் மூவரும் கொலைக்கு அஞ்சாதவரே. அதனையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், இறுதியில் வைரத்தைச் சோமநாதத்துச் சந்திரதேவனின் நெற்றியிலேயே சேர்த்துவிட்டார்.