முதலில் ஒரு பக்கம் உண்மை

சிறுகதைப் பட்டறை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. முதல் அமர்வில் கதை எழுதச் சொல்லாதீர்கள். கற்பனை கலவாத ஒரு பக்கத்தை எழுதி வரச் சொல்லுங்கள்.

தென்சென்னைப் புறநகரைக் களமாகக் கொண்டு எங்கள் இதழுக்கு வரும் கதைகள் பலவற்றில் தாம்பரம் பெயரளவில்தான் இருக்கிறது. அதை அடித்துவிட்டு அரக்கோணம் என்று எழுதினாலும் கதை மாறாது. 2015 டிசம்பர் வெள்ளக் கதைகளிலும் இதே குறை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடு புகுந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, பாத்திரத்தின் துயரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தண்ணீர் ஏறியபோது மாடிக்கு முதலில் போனது எது? கேஸ் சிலிண்டரா, வீட்டுப் பத்திரமா, எழுந்து நடக்க முடியாத பாட்டியா? அந்த வரிசையைச் சொன்னாலே அந்தக் குடும்பம் தெரிந்துவிடும். தெருவில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

இப்படி அறிந்த விவரம் புனைவை எப்படித் தாங்கும் என்பதற்கு எழுத்தாளர் அசோகமித்திரன் நல்ல உதாரணம். அவர் 1952இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. சினிமா உலகை ‘கரைந்த நிழல்கள்’ நாவலாக எழுதினார். ஜெமினி நாட்களைப் பின்னாளில் ஆங்கிலத்தில் நினைவுக் கட்டுரைகளாகவும் எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கட்டுரையில் ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன் உண்மைப் பெயரோடு வருகிறார். பார்த்தவராக ஆசிரியரும் கூடவே நிற்கிறார். நாவலில் ஆசிரியரைக் காணோம். ஒரு படப்பிடிப்பு நடக்க யார் யார் எப்படி அலைய வேண்டும் என்ற அறிவு மட்டும் பக்கமெங்கும் பரவிக் கிடக்கிறது. நாவலை நம்பவைப்பது அந்த அறிவுதான்.

பயிற்சிக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நல்ல இடம். பழைய சாமான் விற்கும் ஒரு கடையருகே ஒரு மணி நேரம் நிற்கட்டும். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதட்டும். உவமை வேண்டாம், உணர்ச்சிச் சொல் வேண்டாம். கூட வந்த இன்னொருவர் அந்தப் பக்கத்தைப் படித்து, நடக்காததை எல்லாம் அடிக்கட்டும். பிறகு, பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாத ஓரிடத்தை அடிக்கோடிடட்டும். உதாரணமாக, ஒரு பெண் மிக்ஸி ஜாருக்கு விலை பேசுகிறார், கடைக்காரர் இறங்கி வருகிறார், காசை எண்ணியும் ஆயிற்று. ஆனால் அந்தப் பெண் ஜாரைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஏன்? புனைவு அங்கே தொடங்கட்டும்.

இப்படிப் பழகினால் கற்பனை வறண்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எங்கள் அனுபவம் நேர்மாறானது: எது நடந்தது என்று திட்டமாகத் தெரிந்தவர்தான் எதை மாற்ற வேண்டும் என்று துணிந்து முடிவெடுக்கிறார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அடுத்தவர் துயரத்தை எழுதுமுன் அவரிடம் கேட்க வேண்டும். கதையாக்கும்போது அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி மாற்ற வேண்டும்.

உங்கள் மாணவர்களின் உண்மைப் பக்கத்தையும் அதிலிருந்து பிறந்த கதையையும் சேர்த்தே அனுப்புங்கள். தேர்ந்தவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிடுவோம்.