முதுமையைப் படிப்பதற்கும் ஆட்கள் வேண்டும்

குடிசன மதிப்பீட்டு முடிவுகள் வந்தபோது நம்மில் பெரும்பாலானோர் முதலில் தேடிப் பார்த்தது எந்த இனம் எத்தனை வீதம் என்பதைத்தான். அதில் ஆச்சரியமில்லை. அந்தக் கணக்கை வைத்து நம்மைப் பயமுறுத்தியவர்கள் ஏராளம். ஆனால் அதே முடிவுகளில் இருந்த இன்னொரு கணக்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2012ல் நாட்டின் சனத்தொகையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 7.9 வீதம், 2024ல் அது 12.6 வீதம். பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 25.2 வீதத்திலிருந்து 20.7 வீதத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் நடந்த மாற்றம் இது.

முதுமை என்றவுடன் நம் சமூகம் அதை ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விடயமாகவே பேசும். உம்மா வாப்பாவைப் பராமரிப்பது பற்றிக் குத்பாவில் கேட்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அது தேவைதான். சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கவனிக்காத பிள்ளைகளிடம் ஒரு பெற்றோர் பராமரிப்புச் செலவைக் கோர முடியும். ஆனால் என் ஊரில் நான் அதிகம் காண்பது கைவிட்ட பிள்ளைகளை அல்ல. மனமிருந்தும் வழி தெரியாமல் தவிக்கும் மகள்மாரைத்தான். பக்கவாதம் வந்த உம்மாவை எப்படித் தூக்கி இருத்தினால் தோள் இறங்காது, இரவில் எழும்பி வெளியே போகப் பார்க்கும் வாப்பாவுக்கு என்ன நடக்கிறது, அது வயதா வருத்தமா, பன்னிரண்டு வகை மாத்திரையில் எதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்? இதற்கெல்லாம் பாசம் மட்டும் விடை தராது. யாராவது உட்கார்ந்து படித்து, அளந்து, எழுதியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1935ல் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியரின் பொறுப்பில் 714 நாட்பட்ட நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலை, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றதால் வந்தவர்கள். பெரும்பாலும் வயோதிபர்கள். இனி எழும்ப மாட்டார்கள் என்று படுக்கையிலேயே விடப்பட்டவர்கள். அவர் செய்தது பெரிய வித்தையில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, யாருக்கு என்ன வருத்தம் என்று பிரித்து, எழுப்பி நடக்கப் பயிற்றினார். பலர் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். 1943ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் அதை எழுதி, முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேண்டும் என்று வாதிட்டார். வயோதிபத்தை விதி என்று விட்டுவிடாமல் ஒரு பாடமாகப் பார்த்ததன் விளைவு அது.

அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்த ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். கலாநிதிப் பட்டம் முடித்தவுடன் ஒருவர் ஆய்வாளராகிவிடுவதில்லை. அதற்குப் பின் இரண்டு மூன்று வருடம் அனுபவசாலியான ஒருவருக்குக் கீழ் இருந்து, கேள்வியை எப்படி அமைப்பது, எந்த நோயாளரை எப்படிச் சேர்ப்பது, பணம் எங்கே கேட்பது என்று பழகுகிறார்கள். எங்கள் தொழிலில் கலாசாலையை விட்டு வந்தபின் ஒரு மூத்த ஆசிரியரின் பக்கத்து வகுப்பில் கழியும் முதல் வருடங்கள் மாதிரித்தான்.

அமெரிக்கா 1974ல் முதுமைக்கென்றே ஒரு தேசிய நிறுவகத்தை ஆரம்பித்தது. அதே வருடம் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ்தான் அங்கு இத்தகைய பயிற்சிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதில் ஒரு நிபந்தனை எனக்குப் பிடித்தது. கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியின் முதல் வருடம் கடன் மாதிரி. அதை ஆய்வு செய்தோ கற்பித்தோ அடைக்க வேண்டும். இரண்டாம் வருடமும் பயிற்சியில் நின்றால் அதுவே கடனைக் கழித்துவிடும். அந்தப் பணம் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும்தான். 2025ல் அங்கேயே பல ஆய்வு நிதிகள் நிறுத்தப்பட்டன என்பதும் வேறு கதை.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் முதியோர் மருத்துவத்தில் டிப்ளோமா நடத்துகிறது. விசேட வைத்திய நிபுணராக வருபவர்கள் பயிற்சியின் ஒரு பகுதிக்கு வெளிநாடு போவதும் வழக்கம். 2022 நெருக்கடிக்குப் பின் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் வைத்தியம் பார்ப்பதற்கான பயிற்சி வேறு, ஆய்வுக்கான பயிற்சி வேறு. இரண்டாவதில்தான் நாம் மிகவும் பின்னால் நிற்கிறோம்.

அது ஏன் நம் பிரச்சினை என்பதற்கு நோன்பை எடுத்துக்கொள்வோம். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் வயதானவர்கள் நோன்பு பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னாலும் பலர் விடுவதில்லை. இதைப் பற்றி 2001ல் 13 நாடுகளில் நடத்திய எபிடியார் என்ற ஆய்வில் 12,243 நோயாளர்களிடம் கேட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 வீதமானோர் குறைந்தது 15 நாள் நோன்பு பிடித்திருந்தார்கள். அவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது மற்ற மாதங்களைவிட ரமழானில் ஏழரை மடங்கு அதிகம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் ரமழானுக்கு முன்பே மாற்றிக்கொள்ளும் ஆலோசனைகளுக்கு இந்த ஆய்வு பெரிய அடிப்படை. அந்த 13 நாடுகளில் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான் இருந்தன. இலங்கை இல்லை. நம் ஊரில் ஸஹருக்கு என்ன சாப்பிடுகிறார்கள், நோன்புக் கஞ்சியோடு எதைச் சேர்க்கிறார்கள், கிளினிக் கொப்பியில் எழுதிய நேரத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மறதி நோயிலும் இதே கதைதான். உலகம் முழுதும் பயன்படும் 'மினி மென்டல்' என்ற பரிசோதனை 1975ல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 புள்ளி. ராகமையில் சிங்கள வடிவம் ஒன்றைச் செய்து, அது சரியாக அளக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். பின்னர் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடம் செய்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் மறதி நோய் இருப்பதைக் கண்டார்கள். 2003ல் அது வெளியானது. நல்ல வேலை.

இப்போது அந்தக் கேள்விகளை எங்கள் ஊர் மூத்தம்மா ஒருவரிடம் கொண்டுபோவோம். இன்றைக்கு எத்தனையாம் திகதி? அவர் பிறைக் கணக்கில் சொல்வார், சரியாகவே சொல்வார். ஒரு வசனம் எழுதுங்கள். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். பேனை பிடித்த கை அல்ல அது. இந்த ஐங்கோணத்தைப் பார்த்து வரையுங்கள். நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். தாளில் கேட்டால் விழிப்பார். பாய் விற்ற காசில் கேட்டால் நொடியில் சொல்வார். பள்ளிக்கூடம் போகாததையும் மறதி நோயையும் ஒரே புள்ளியில் போட்டுவிட்டால் அந்தப் பரிசோதனையால் யாருக்கு என்ன பயன்? இந்தியாவில் செய்த தமிழ் மொழிபெயர்ப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தாலும் இது தீராது. நம் பேச்சும் நம் கணக்கும் தெரிந்த ஒருவர், ஆய்வு முறையும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வீட்டு விடயம் இன்னும் சிக்கல். கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. பெற்றோர் அதே வளவின் பின்பக்கத்து அறைக்கோ இளைய மகளிடமோ மாறிவிடுகிறார்கள். 'உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா', 'மகனோடு இருக்கிறீர்களா' என்று கேட்கும் படிவம் இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போகும். பார்ப்பவருக்கு அவர் அநாதரவானவர். உண்மையில் மூன்று மகள்மார் சுற்றி இருப்பார்கள். அதேபோல், மகளோடு இருக்கிறார் என்று பதிந்த இன்னொருவரின் மகள் சவூதியில் இருப்பாள். கிழவியைப் பார்ப்பது பதினாறு வயதுப் பேத்தி. அவள் பாடசாலைக்கு ஏன் அடிக்கடி வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன், மருத்துவ பீடத்துக்குத் தெரிவான மாணவி ஒருத்தியிடம் முதியோர் மருத்துவம் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தாய், “கிழடுகளைப் பார்க்கவா டீச்சர் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சது?” என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனியார் வைத்தியசாலையில் எதற்குக் காசு வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய வேலையும் அல்ல. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் பிள்ளை செய்யலாம், மட்டக்களப்பில் தாதியியல் படிக்கும் பிள்ளை செய்யலாம்.

புலமைப்பரிசில் கொடுக்கும் சங்கங்கள் நம்மிடம் நிறைய. அநேகமாக எல்லாம் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. வருடத்துக்கு ஒரே ஒருவரை, முதுமை பற்றிய ஆய்வுக்காக, முதுகலைமாணிப் படிப்பிலிருந்து கலாநிதிப் பட்டத்துக்குப் பின்னும் இரண்டு வருடம் வரை தாங்கினால் என்ன? நிபந்தனையை அமெரிக்கச் சட்டத்திலிருந்தே எடுக்கலாம்: பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், அந்த வேலையிலேயே நின்று கடனைக் கழியுங்கள். முதல் ஆய்வுக்குக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், கிளினிக்குக்கு வரும் வயதானவர்களின் சம்மதம் வேண்டும், தமிழில் நன்றாக எழுதிய ஒரு கேள்விக்கொத்து வேண்டும். ரமழானுக்கு ஆறு மாதம் முன்பு ஆரம்பித்தால் பெருநாள் கழிந்து சில வாரத்தில் ஓர் ஊரின் கணக்காவது கையில் இருக்கும்.