சயாமில் செத்தவனுக்கு எந்த நாளில் படையல்?

ஆடி அமாவாசைக்கு நம் வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போடுகிறோம். செத்த நாள் தெரிந்தவருக்குத் திதியும் உண்டு. நாளும் தெரியாமல், உடலும் வந்து சேராமல் போனவருக்கு? தோட்டப்புறத்தில் அப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

1942-43-இல் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராமற்போகவே பிடித்து லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. எல்லா நாட்டுக் கூலிகளிலும் செத்தவர்கள் 90,000 வரை என்பது கணக்கு. நேச நாட்டுப் போர்க்கைதிகள் செத்தது ஏறக்குறைய 12,000. காஞ்சனபுரி மயானத்தில் கைதிகளுக்கு 6,900க்கு மேல் கல்லறை, பெயரோடும் பட்டாளத்தோடும். நம்ம ஆளுங்களுக்கு ஆளுக்கொரு கல் கிடையாது.

லயத்தில் காத்திருந்த பெண்களின் பாடு அதைவிடக் கொடுமை. தாலியை வைத்திருப்பதா, கழற்றுவதா? கருமாதி செய்தால் உயிரோடு இருப்பவனுக்குச் செய்த பாவம். செய்யாவிட்டால் ஆவி வீடு தேடி அலையும்.

இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. நாம் சிரிக்க மாட்டோம். வேலை வாங்கிக் கொன்ற ஜப்பான் பட்டாளமே 1944-இல் பாலத்தருகே ஆவிகளைச் சாந்தப்படுத்தத் தூண் எழுப்பியது. அதில் தமிழிலும் எழுதி வைத்தது! உயிரோடு இருந்தபோது மருந்து கொடுத்திருந்தால் தூண் தேவைப்பட்டிருக்காதே.

வியட்நாம்காரர்கள் இதில் நமக்கு ஒரு படி மேல். 1975-இல் முடிந்த போரில் காணாமற்போனவர்கள் அங்கே இலட்சக்கணக்கில். வீட்டுக்குள்ளே முன்னோருக்குப் பீடம் இருக்கும். வாசலிலே ஊர்பேர் தெரியாத ஆவிகளுக்கும் ஊதுவத்தி கொளுத்துவார்கள். ஏழாம் மாதப் பௌர்ணமிக்குக் கஞ்சி, உப்பு, அரிசி வைப்பார்கள். எந்தப் பக்கம் நின்று சுட்டவன் என்று கேட்பதில்லை. நம்ம பிள்ளைக்கும் எங்கோ ஒரு வாசலில் எவளோ ஒருத்தி வைப்பாள் என்ற நினைப்புதான்.

காஞ்சனபுரியில் ஆசியக் கூலிகளின் எலும்புகள் சேர்த்து அடக்கப்பட்டிருப்பதும் அந்த வியட்நாமிய மரபைச் சேர்ந்த தாவோர்ன் கோயிலில்தான். 2023-இல் அங்கே தமிழர்களுக்கு ஒரு நடுகல்லும் வைத்தார்கள். ஏறக்குறைய 80 ஆண்டு கழித்து!

சரி, அங்கே கல் வந்தது. இங்கே என்ன நடக்கிறது? தோட்டம் வீடமைப்புக்குப் போகிறது. முனியாண்டி கோயில் இடம் மாறுகிறது, சில இடங்களில் இல்லாமலே போகிறது. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோயிலடியில் புருஷன் பேரைச் சொல்லிச் சுருட்டும் சோறும் வைத்த கிழவியும் போய்விட்டாள். அவளோடு அந்தப் பேரும் போயிற்று.

இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கும் பெரியவர்கள்தான் கடைசி வாய்ப்பு. சயாமுக்குப் போன தாத்தா, சித்தப்பா, மாமன் யார் என்று இந்த வாரமே கேளுங்கள். பேர், தோட்டம், கூடப் போனவர் யார் என்று எழுதி, ஒரு படியைக் கோயில் கமிட்டியிடம் கொடுங்கள். ஆடி அமாவாசைக்குப் பூசாரி அந்தப் பேர்களை வாசிக்கட்டும். பேர் தெரியாவிட்டால் இன்னாருடைய தம்பி என்றாவது எழுதுங்கள். இலை போட அது போதும்.