புலிவார்டு ரோட்டில் புலி எங்கே?

திருச்சிக்குப் புதிதாக வருபவர்களை லேசாக மிரள வைக்கும் பெயர், மேலப்புலிவார்டு ரோடு. மலைக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கீழப்புலிவார்டு ரோடும் உண்டு. புலியெல்லாம் இல்லை. ‘பூல்வார்டு’ என்ற ஆங்கிலச் சொல் திருச்சிக்காரர்களின் வாயில் புலியாகிவிட்டது, அவ்வளவுதான்!

மலையைச் சுற்றி ஒரு காலத்தில் மதிலும் அகழியும் இருந்தன. 1751-52ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கோட்டை அது. ஆனால், 19-ம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியையும் தூர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் போட்ட சாலைகள்தான் இவை.

பெயரும் சும்மா வைத்ததில்லை. கொத்தளத்தைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல் ஒன்று பிரெஞ்சு மொழிக்குள் போனது. பாரிஸில் மதில் இருந்த இடத்தில் வந்த சாலைகளுக்கு அதுவே பெயரானது. ஆக, இந்தப் ‘புலி’க்குள் பதுங்கியிருப்பது கோட்டை மதில்!

காவிரியைத் தாண்டினால் கதையே வேறு. ஸ்ரீரங்கத்தில் கோயிலின் ஏழு திருச்சுற்று மதில்களும் நிற்கின்றன. உத்திர வீதி, சித்திரை வீதி என்று அவற்றுக்கு நடுவிலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1994 முதல் இரண்டு ஊருக்கும் ஒரே மாநகராட்சி.

திருச்சிக் கோட்டையில் மிஞ்சியது மேற்கு வாசல். அதுதான் மெயின்கார்டு கேட். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுப்பவர்களில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்க்கிறார்களோ! அடுத்த முறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தெப்பக்குளம் பக்கம் நடந்தால், அங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.