கூழை இகழ்ந்தான், கொழுப்பைச் சுமக்கின்றான்

தமிழன் வயிறு பெருத்துவிட்டது, வளம் பெருகியதாலன்று! கம்பங்கூழையும் கேழ்வரகுக் களியையும் ஏழையர் உணவென எள்ளி, தீட்டிய வெள்ளரிசியை முப்போதும் உண்டு, கூப்பிடு தொலைவுக் கடைக்கும் வண்டியேறிச் செல்வதால் வந்த பெருக்கம் அது. அயலான் புட்டியிலடைத்த கோலா 300 மில்லியில் சீனி மட்டும் ஏறத்தாழ 30 கிராம். சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமளவில் நிற்றல் நலமென உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. பருத்தபின் இளைக்கவும் அவ்வயலானிடமே ஓட்சும் மாப்பொடியும் வாங்குகின்றான். பருக்க ஒரு விலை. இளைக்க ஒரு விலை! முன்னுண்டது செரித்தபின் பசியளவே உண்ணுமாறு திருக்குறள் 95ஆம் அதிகாரம் விலையின்றி வழங்கிய நெறியை மேடையில் முழங்குவான், பந்தியில் மறப்பான். 2023ஐ உலக நாடுகள் அவை சிறுகூல ஆண்டாக்கிய பின்னரே வரகும் சாமையும் அவன் கண்ணிற் பட்டன. அதுவும் ஆங்கிலப் பெயரொட்டிய பளபளப்புப் பையில்!