மாட்டுக்குப் பயாலஜி, பாலுக்குக் கணக்கு

தெருநாய்க்குத் தினமும் பிஸ்கட் போடும் பிள்ளை, வளர்ந்ததும் மிருக டாக்டராவேன் என்றால் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. சிக்கல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான். 'பயாலஜி எடுத்து, டாக்டர் சீட் கிடைக்காவிட்டால்?' என்று யாராவது கேட்கிறார்கள். கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார்கள் பெற்றோர். மிருக டாக்டர் கனவு அந்த விண்ணப்பத்தோடு முடிந்துவிட்டது என்பதை அன்று யாரும் அதனிடம் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு வயது பதினைந்து.

இந்தியாவில் கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு ஐந்தரை ஆண்டுகள்: நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. சேர்வதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்துத் தேறியிருக்க வேண்டும். 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நீட் மதிப்பெண்படி நிரம்புகின்றன. மற்ற இடங்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. தமிழகத்தில் பிளஸ் 2 மதிப்பெண். எந்த முறையானாலும் பயாலஜி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. வேடிக்கை, பால் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கேட்பது கணிதம்!

சரி, பயாலஜி எடுத்தாயிற்று. பிராணிகளுக்காக வந்தவருக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்ற சலிப்பு அடுத்து வருகிறது. பிணந்தின்னிக் கழுகுகளின் கதை அதற்குப் பதில். 1990களில் அவை இந்தியாவெங்கும் செத்து விழுந்தன. மூன்று இனங்கள் நூற்றுக்கு 95க்கு மேல் அழிந்துபோயின. முதலில் தொற்றுநோய் என்றே சந்தேகித்தார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தது. மாடுகளுக்கு வலி போக்கப் போடும் டைக்ளோஃபினாக்தான் குற்றவாளி என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் காட்டிக்கொடுத்தது. ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்ற கழுகுக்கு அதுவே விஷம். கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006இல் இந்தியா தடை விதித்தது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் பரிந்துரைக்கப்பட்டது. கழுகுகள் மீது வைத்த பிரியத்தால் மட்டும் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயமல்ல இது.

இயற்பியலும் சும்மா இல்லை. மயக்க ஊசியைத் துப்பாக்கியில் செலுத்தத் தூரத்துக்கேற்ற அழுத்தம் வைக்கத் தெரிய வேண்டும். மருந்தின் அளவுக்கு யானையைத் தராசில் நிறுத்தவா முடியும்? எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

பயாலஜிக்கு வந்தால் கணக்குத் தொல்லை விட்டது என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. முன்பெல்லாம் காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005இல் காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது அம்பலமானது. அதற்குப் பின் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது தானியங்கிக் கேமராவில் பதியும் வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு, கேமராவில் சிக்காதவற்றைப் புள்ளியியலால் மதிப்பிடுகிறார்கள். 2022 கணக்கெடுப்பின் சராசரி மதிப்பீடான 3,682 அப்படி வந்ததுதான். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் இந்த முறையை முன்னோடியாகக் கையாண்ட உல்லாஸ் கரந்த் முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். விலங்கியலுக்கு அவர் வந்தது பிறகுதான்.

பயாலஜியை விட்டவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியலோ தாவரவியலோதான் வேண்டும் என்பதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் பட்டதாரிகளும் எழுதலாம். விவசாயம், வனவியல், இன்ஜினீயரிங் படித்தவர்களும் எழுதலாம். வரலாறோ இலக்கியமோ மட்டும் படித்தவர் கலெக்டராகலாம், இந்தத் தேர்வை எழுத முடியாது. முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இதற்கும் ஒன்றே. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கப்பட்ட அந்தப் பிள்ளை பி.இ. முடித்து, 21 வயதானதும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஊசி போட முடியாது, காட்டுக்குள் போகலாம்.