விண்டோஸ் 10 லேப்டாப்பா? தூக்கிப் போடாதீங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதுக்காகப் புதுசு வாங்கவும் வேண்டாம். அவசரப்பட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ் போடவும் வேண்டாம்.

8 ஜிபி ரேம் இருந்தால், இலவச விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை 'விருந்தாளி'யாக ஏற்றிப் பாருங்க. பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்து, 4 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் ஒதுக்கி, ஐஎஸ்ஓ ஃபைலைக் கொடுத்தால் போதும். 'டிஸ்க்கை அழிக்கவா?' என்று கேட்டால் பதறாதீங்க. அழியப்போவது விர்ச்சுவல் டிஸ்க் மட்டும்தான்.

ஆபீஸ் ஃபைல், தமிழ் டைப்பிங் எல்லாம் ஒரு வாரம் பழகுங்க. வைஃபை சரியாக எடுக்குமா என்பதை மட்டும் லைவ் யுஎஸ்பியில்தான் பார்க்க முடியும். பிடிக்கலையா? டெலிட் பண்ணிடுங்க. பிடிச்சிருந்தால், பேக்கப் எடுத்துட்டு மாறுங்க.